அடுக்கு முறை வி.டி.ஐ.: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மெய்நிகர் டெஸ்க்டாப் (வி.டி.ஐ.) குழுவில் புதிதாகச் சேருகிறவர்கள், ஹெல்ப் டெஸ்க்கில் இருப்பவர்கள், செலவைப் பார்க்கும் மேலாளர்கள் ஆகிய மூன்று தரப்பினரும் என்னிடம் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். அடுக்கு முறை என்பது விண்டோஸையும் மென்பொருள்களையும் தனித்தனி அடுக்குகளாக வைத்துப் பிறகு ஒன்றுசேர்ப்பது. நான் அன்றாடம் கையாளுவது அதற்கான சிட்ரிக்ஸ் ஆப் லேயரிங் என்ற கருவி என்பதால் விளக்கங்கள் அதை ஒட்டியே இருக்கும். மற்ற நிறுவனங்களின் கருவிகள் குறுக்கே வரும் இடங்களில் பெயர் சொல்லியிருக்கிறேன்.

1. வி.டி.ஐ. என்பதும் ரிமோட் டெஸ்க்டாப் என்பதும் ஒன்றுதானே?

எங்கோ ஓடும் விண்டோஸின் திரை உங்கள் முன்னால் தெரிகிறது என்ற அளவில் ஒன்றுதான். ரிமோட் டெஸ்க்டாப் சர்வரில் ஒரே விண்டோஸைப் பலர் ஒரே நேரத்தில் பங்கிட்டுக்கொள்கிறார்கள். வி.டி.ஐ.யில் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி மெய்நிகர் கணினி. ஒரு சர்வரில், மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருளான ஹைப்பர்வைசரின் மேல் அப்படிப் பல கணினிகள் ஓடும். அடுக்கு முறையை இரண்டிலும் பயன்படுத்தலாம்.

இந்தப் பக்கத்தில் டெஸ்க்டாப் என்று நான் சொல்வது, மறுதொடக்கம் செய்தவுடன் மூல நிலைக்குத் திரும்பிவிடும் வகையை. ஆளுக்கொரு நிரந்தரக் கணினி கொடுத்து, அதில் அவரவர் விருப்பம்போல் எதையும் நிறுவிக்கொள்ள விடும் இடங்களில் அடுக்குகளால் பெரிய பயன் இல்லை.

2. ஒரே இமேஜில் எல்லா மென்பொருளையும் போட்டு நகலெடுத்தால் போதாதா? அடுக்கு எதற்கு?

பல அலுவலகங்களுக்கு அது போதும். (இமேஜ் என்பது டெஸ்க்டாப்கள் நகலெடுக்கும் மூல விண்டோஸ் டிஸ்க்.) உங்களிடம் இருப்பது ஒன்றிரண்டு இமேஜ் என்றால் இந்தப் பக்கத்தை இத்தோடு மூடிவிடலாம். அடுக்கு முறை சும்மா வருவதில்லை. கற்றுக்கொள்ளவும் பராமரிக்கவும் ஆள் வேண்டும்.

சிக்கல் தொடங்குவது பிரிவுகள் பெருகும்போதுதான். கணக்குப் பிரிவுக்கு ஒரு மென்பொருள், மனிதவளத்துக்கு இன்னொன்று, வடிவமைப்பாளர்களுக்கு ஆட்டோகேட், அழைப்பு மையத்துக்கு ஒலிப்பதிவுக் கருவி என்று ஆரம்பித்து ஆறேழு இமேஜ்கள் ஆகிவிடும். மைக்ரோசாஃப்ட் மாதம்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பேட்ச் (விண்டோஸுக்கான திருத்தங்கள்) வெளியிடுகிறது. ஒவ்வொரு இமேஜையும் திறந்து, பேட்ச் போட்டு, சோதித்து, மூட வேண்டும். குரோமுக்கு அவசரத் திருத்தம் வந்தால் மறுபடியும் அத்தனையும். அடுக்கு முறையில் விண்டோஸை ஓரிடத்தில் திருத்துகிறீர்கள், குரோமை ஓரிடத்தில் திருத்துகிறீர்கள். இமேஜ்களைச் சேர்த்துக் கட்டும் வேலையைக் கருவி பார்த்துக்கொள்கிறது.

3. அடுக்கு என்பது உண்மையில் என்ன? தனி டிஸ்க்கா, கோப்புறையா?

ஒரு மெய்நிகர் டிஸ்க் கோப்பு. ஒரு மென்பொருளை நிறுவும்போது விண்டோஸில் எந்தக் கோப்புகள் புதிதாக வந்தன, எவை மாறின, விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் என்னென்ன எழுதப்பட்டன என்பவற்றை மட்டும் தனியே பிடித்து அதில் வைத்திருக்கிறது.

பயிற்சி வகுப்புகளில் இதை டிபன் கேரியர் என்று விளக்குவார்கள். அந்த உவமை ஆளைக் குழப்பும். கேரியரில் மேல்தட்டுச் சோறு கீழ்தட்டுக் குழம்பை மறைப்பதில்லை. இங்கே மறைக்கும். ஒரே பாதையில், ஒரே பெயரில் இரண்டு அடுக்குகளில் கோப்பு இருந்தால் மேலே இருக்கும் அடுக்கின் கோப்புதான் விண்டோஸின் கண்ணுக்குத் தெரியும். கீழே உள்ளது அழியாது, ஆனால் எட்டாது. பின்னால் வரும் பாதிச் சிக்கல்கள் இந்த ஒரு விதியிலிருந்தே வருகின்றன.

அடுக்குகள் ஒன்றுசேரும் நேரங்கள் இரண்டு. இமேஜை வெளியிடும்போதே சேர்த்து ஒரே டிஸ்க்காக எழுதிவிடுவது ஒன்று. பயனர் உள்நுழையும்போது கோப்பு அழைப்புகளை இடைமறிக்கும் ஒரு ஃபில்டர் டிரைவர் டிஸ்க்கை இணைத்து, அதன் உள்ளடக்கம் சி டிரைவிலேயே இருப்பதுபோல் காட்டுவது மற்றொன்று.

4. மொத்தம் எத்தனை வகை? எது எதில் போகும்?

நான்கு. அடித்தளத்தில் ஓ.எஸ். அடுக்கு: விண்டோஸ், அதன் பேட்ச்கள், பல மென்பொருள்கள் ஓடத் தேவையான டாட்நெட்டின் எல்லாப் பதிப்புகள், விண்டோஸ் ஸ்டோர் செயலிகளைச் சேர்ப்பதும் நீக்குவதும். ஒரு மென்பொருள் தனக்கென உள்ளூர் பயனர் கணக்கை உருவாக்கிக்கொள்ளும் வகையாக இருந்தால் அந்தக் கணக்கையும் இங்கேதான் வைக்க வேண்டும். ஆப் அடுக்கில் வைத்த உள்ளூர் கணக்கு இமேஜுக்கு வந்து சேராது.

அடுத்தது பிளாட்பார்ம் அடுக்கு. டெஸ்க்டாப்பைப் பயனரோடு இணைக்கும் சிட்ரிக்ஸின் வி.டி.ஏ. ஏஜென்ட், இமேஜை டெஸ்க்டாப்களுக்குக் கொடுக்கும் புரொவிஷனிங் மென்பொருள், அலுவலகக் கணக்குகளை நிர்வகிக்கும் டொமைனில் இணைப்பது, உள்நுழைவு முறையைத் தொடும் எதுவும் இதில் போகும். டொமைன் இணைப்பை ஓ.எஸ். அடுக்கில் செய்துவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேண்டாம். இந்த அடுக்கைத் தனியே பிரித்து வைத்ததன் பயன் ஹைப்பர்வைசரை மாற்றும்போது தெரியும். வி.எம்.வேரிலிருந்து வேறொன்றுக்குப் போனால் புதிதாகச் செய்ய வேண்டியது பிளாட்பார்ம் அடுக்கு ஒன்றுதான். மென்பொருள்கள் அப்படியே வரும்.

மூன்றாவது ஆப் அடுக்குகள். எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். நான்காவது பயனர் அடுக்கு. பயனர் செய்யும் மாற்றங்களைப் பிடித்துவைத்து அடுத்த உள்நுழைவிலும் தருவது.

எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கும்போது நான் மூன்று கேள்விகள் கேட்பேன். இதை மாற்றப் போகிறவர் யார்? எவ்வளவு அடிக்கடி மாறும்? தொலைந்துபோனால் யார் அழுவார்கள்? மாதம் ஒரு முறை மாறுவதையும் ஆண்டுக்கு ஒரு முறை மாறுவதையும் ஒரே அடுக்கில் வைத்தால் அடுக்கு முறையின் பயன் போய்விடும்.

5. மேலே யார், கீழே யார் என்பதை எது முடிவு செய்கிறது?

ஓ.எஸ். அடுக்கு எல்லாவற்றுக்கும் அடியில். அதன் மேல் ஆப் அடுக்குகள், அவை உருவான வரிசையில்: முதலில் செய்தது கீழே, பிறகு செய்தது மேலே. இமேஜில் உச்சியில் பிளாட்பார்ம் அடுக்கு. இயங்கும்போது எல்லாவற்றுக்கும் மேல் பயனர் அடுக்கு.

அடுக்குக்குப் புதிய பதிப்பு சேர்த்தால் வரிசை மாறாது. அதாவது, இரண்டு ஆண்டுகளுக்கு முன் செய்த ஜாவா அடுக்கை நேற்று புதுப்பித்திருந்தாலும் அது தன் பழைய இடத்திலேயே இருக்கும். ஒரே டி.எல்.எல். (நிரல் நூலக) கோப்பை இரண்டு மென்பொருள்கள் வெவ்வேறு பதிப்பாகக் கொண்டுவந்து ஒன்று திறக்க மறுத்தால், முதலில் பார்க்க வேண்டியது இந்த வரிசையை.

6. என் லேப்டாப்பில் ஐந்து நிமிடத்தில் போடும் மென்பொருளுக்கு இங்கே ஏன் இரண்டு நாள்?

நிறுவுவதற்கு இங்கேயும் ஐந்து நிமிடம்தான். சுற்றிலும் நடப்பவைதான் நேரம் எடுக்கின்றன. நிர்வாகத் திரையில் புதிய ஆப் அடுக்கு கேட்டால், அடுக்குகளை நிர்வகிக்கும் லேயர் மேனேஜர், ஓ.எஸ். அடுக்கின் மேல் ஒரு பேக்கேஜிங் கணினியை (அடுக்கு செய்வதற்கான தற்காலிகக் கணினியை) ஹைப்பர்வைசரில் எழுப்பித் தருகிறது. அதில் நுழைந்து மென்பொருளை நிறுவுகிறீர்கள். ஒருமுறை திறந்து பார்க்கிறீர்கள். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் சேவையை நிறுத்துகிறீர்கள். டெஸ்க்டாப்பில் வந்து விழுந்த தேவையற்ற குறுக்குவழிகளையும் டெம்ப் கோப்புறையில் தங்கிய நிறுவல் கோப்புகளையும் நீக்குகிறீர்கள். மறுதொடக்கம் கேட்டால் செய்கிறீர்கள். பிறகு மூடி, இறுதியாக்கம் (ஃபைனலைஸ்), அதாவது மாற்றங்களை அடுக்காகச் சேமிப்பது.

அதன்பின் அடுக்கை ஒரு சோதனை இமேஜில் சேர்த்து வெளியிட வேண்டும். கேட்ட பிரிவிலிருந்து ஒருவர் உட்கார்ந்து தன் வேலையை அதில் செய்து பார்க்க வேண்டும். இரண்டு நாளில் ஒன்றரை நாள் பெரும்பாலும் அவருக்காகக் காத்திருப்பதில்தான் போகிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த ஒன்றரை நாளைச் சேமிக்க நினைத்துச் சோதனையைத் தவிர்த்தால் முந்நூறு பேர் சோதனை செய்வார்கள்.

7. "ஷட்டவுன் ஃபார் ஃபைனலைஸ்" அழுத்தினால் முடியாது என்கிறது. வலுக்கட்டாயமாக அணைத்துவிடலாமா?

கூடாது. பேக்கேஜிங் கணினியின் டெஸ்க்டாப்பில் இருக்கும் அந்தச் சின்னம் சில விஷயங்களைச் சரிபார்த்த பிறகே அணைக்கும். நிலுவையில் மறுதொடக்கம் இருக்கிறதா, ஏதாவது மென்பொருள் (எம்.எஸ்.ஐ.) நிறுவல் இன்னும் ஓடுகிறதா, என்ஜென் வேலை மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும். அதிகம் தடுப்பது கடைசியில் சொன்னதுதான். டாட்நெட் நிரல்களை முன்கூட்டியே தொகுத்து வைக்கும் வேலை அது. பின்னணியில் மெதுவாக ஓடும். டாஸ்க் மேனேஜரில் அது அடங்கும்வரை காத்திருங்கள், அல்லது என்ஜெனுக்கு நிலுவையில் உள்ளவற்றை உடனே முடிக்கும்படி கட்டளை கொடுங்கள்.

அது பாதியில் நின்ற நிலையில் அடுக்கைப் பிடித்தால், மிச்ச வேலையை ஒவ்வொரு டெஸ்க்டாப்பும் ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் புதிதாகத் தொடங்கும். காலையில் எல்லாக் கணினிகளும் மந்தமாக இருக்கின்றன என்ற புகாரின் வேர் சில நேரம் இங்கே இருக்கும்.

8. ஆஃபீஸ் அடுக்கைச் சேர்த்துத்தானே அவுட்லுக் ஆட்-இன் செய்தேன். டெஸ்க்டாப்பில் அவுட்லுக்கே இல்லையே?

நீங்கள் ஆஃபீஸை முன்தேவை அடுக்காகக் கொடுத்திருப்பீர்கள். முன்தேவை அடுக்கு பேக்கேஜிங் கணினியில் மட்டும் உடன் இருக்கும். ஆட்-இன் நிறுவி, கணினியில் ஆஃபீஸ் இருக்கிறதா என்று தேடும்போது அதற்குக் காட்டுவதற்காக. அது உங்கள் புதிய அடுக்கோடு கலப்பதில்லை. இமேஜில் ஆஃபீஸ் அடுக்கையும் ஆட்-இன் அடுக்கையும் இரண்டாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இது நல்ல ஏற்பாடுதான். கலந்திருந்தால், ஆஃபீஸைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் ஆட்-இன் அடுக்கில் இருக்கும் பழைய ஆஃபீஸ் கோப்புகள் மேலே வந்து நிற்கும்.

9. எல்லா மென்பொருளையும் எலாஸ்டிக் ஆக்கிவிட்டால் ஒரே இமேஜ் போதுமே?

எலாஸ்டிக் என்பது ஆப் அடுக்கை இமேஜில் சேர்க்காமல் பகிர்வுக் கோப்புறையில் வைத்து, உரிய குழுவைச் சேர்ந்தவர் உள்நுழையும்போது மட்டும் இணைப்பது. கேள்வி 3இல் சொன்ன இரண்டாவது வழி. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் உள்நுழைவு நேரத்தில் இணைவதற்குள் விண்டோஸ் எழுந்து முடிந்திருக்கும். அதனால் கணினி துவங்கும்போதே ஏற வேண்டிய டிரைவர் உள்ளவை, விண்டோஸின் வலையமைப்புப் பகுதியையே மாற்றும் வி.பி.என். போன்றவை, ஆன்டிவைரஸ் ஆகியவை எலாஸ்டிக்காக வேலை செய்யாது. ஆஃபீஸையும் இமேஜிலேயே வையுங்கள்.

வேலை செய்யக்கூடியவற்றிலும் அளவு வேண்டும். ஒவ்வொரு எலாஸ்டிக் அடுக்கும் உள்நுழைவில் இன்னொரு டிஸ்க்கைத் திறந்து இணைக்கும் வேலை. பத்துப் பேரில் எட்டுப் பேர் பயன்படுத்துவது இமேஜில், ஒரு சிறு குழு மட்டும் பயன்படுத்துவது எலாஸ்டிக்கில் என்பது என் வழக்கம். ஒரே மென்பொருளின் இரண்டு பதிப்புகளை இரண்டு குழுக்களுக்குத் தர வேண்டிய நிலையில் எலாஸ்டிக்குக்கு இணையில்லை.

10. பயனர் அடுக்கும் எஃப்.எஸ்.லாஜிக்ஸும் ஒன்றுதானே? எதற்கு இரண்டு?

எஃப்.எஸ்.லாஜிக்ஸ் என்பது பயனரின் புரொஃபைலை, அதாவது அவருடைய சொந்தக் கோப்புகளையும் அமைப்புகளையும், ஒரு மெய்நிகர் டிஸ்க்கில் (கன்டெய்னர்) வைக்கும் கருவி. அதன் புரொஃபைல் கன்டெய்னர் பிடிப்பது யூசர்ஸ் கோப்புறைக்குள் அந்தப் பயனரின் பெயரில் இருப்பதையும், ரெஜிஸ்ட்ரியில் அவருக்குரிய பகுதியையும். அவுட்லுக்கின் உள்ளூர் அஞ்சல் கோப்பு, உலாவி அமைப்புகள், டீம்ஸ் தரவு எல்லாம் அதில் வந்துவிடும். பயனர் அடுக்கு பிடிப்பது அதைவிட விரிவானது. சி டிரைவில் எங்கே எழுதினாலும் பிடிக்கும். பயனர் தாமே நிறுவிய மென்பொருளும் தங்கும்.

பயனர்களுக்கு நிறுவும் உரிமை இல்லாத அலுவலகத்தில் எஃப்.எஸ்.லாஜிக்ஸ் மட்டும் போதும். 2018 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் எஃப்.எஸ்.லாஜிக்ஸ் நிறுவனத்தை வாங்கியது. மைக்ரோசாஃப்ட் 365 ஈ3 போன்ற உரிமங்கள் இருந்தால் தனிக் கட்டணம் இல்லை. மென்பொருள் உருவாக்குநர்களுக்குப் பயனர் அடுக்கு தவிர்க்க முடியாதது, ஏனென்றால் அவர்கள் எதையாவது நிறுவிக்கொண்டே இருப்பார்கள். இரண்டையும் சேர்த்தும் வைக்கலாம். அப்போது புரொஃபைல் கன்டெய்னருக்குள் போகும், மீதி பயனர் அடுக்குக்கு.

ஹெல்ப் டெஸ்க்குக்கு ஒரு சிறு உபகாரம்: எஃப்.எஸ்.லாஜிக்ஸ் ஆளுக்கொரு கோப்புறை அமைக்கும்போது இயல்பாக பயனருக்கு விண்டோஸ் தரும் நீண்ட எஸ்.ஐ.டி. அடையாள எண்ணை முன்னால் வைத்துப் பயனர் பெயரைப் பின்னால் வைக்கிறது. நூற்றுக்கணக்கான கோப்புறைகளில் ஒருவரைத் தேடினால் கண் வலிக்கும். பெயரை முன்னால் கொண்டுவர ஓர் அமைப்பு இருக்கிறது. முதல் பயனர் உள்நுழைவதற்கு முன்பே அதை மாற்றிவிடுங்கள்.

11. ஆப் வால்யூம்ஸும் இதைத்தானே செய்கிறது? எது நல்லது?

ஆப் வால்யூம்ஸ், ஆப் லேயரிங் இரண்டின் பிறப்பும் சிறு நிறுவனங்களில். கிளவுட்வால்யூம்ஸை வி.எம்.வேர் 2014 ஆகஸ்டில் வாங்கி ஆப் வால்யூம்ஸ் ஆக்கியது. மாசசூசெட்ஸில் இருந்த யுனிடெஸ்க்கை சிட்ரிக்ஸ் 2017 ஜனவரியில் வாங்கி ஆப் லேயரிங் ஆக்கியது. பகிர்வுக் கோப்புறையில் இன்றும் யுனிடெஸ்க் என்ற பெயரில் ஒரு கோப்புறை இருப்பது அதனால்தான். ஆப் வால்யூம்ஸ் இப்போது வி.எம்.வேரிடம் இல்லை. வி.எம்.வேரின் டெஸ்க்டாப் பிரிவு 2024இல் கே.கே.ஆர். நிறுவனத்துக்கு விற்கப்பட்டு ஆம்னிசா என்ற பெயரில் நடக்கிறது.

வேறுபாடு எளிது. ஆப் வால்யூம்ஸ் மென்பொருளை மட்டும் தனியே பிரித்து, இயங்கும் கணினியோடு டிஸ்க்காக இணைக்கிறது. விண்டோஸ் இமேஜை நீங்கள் வேறு வழியில் பார்த்துக்கொள்ள வேண்டும். சிட்ரிக்ஸ் முறை விண்டோஸையும் அடுக்காக்கி, பெரும்பகுதியை வெளியிடும்போதே சேர்த்துவிடுகிறது. ஆம்னிசாவின் வி.டி.ஐ. தளமான ஹொரைசன் இருக்கும் இடத்தில் ஆப் வால்யூம்ஸும், சிட்ரிக்ஸ் இருக்கும் இடத்தில் ஆப் லேயரிங்கும் இயல்பான தேர்வு. இதற்காக மட்டும் முழு ஏற்பாட்டையும் மாற்றுகிற அளவுக்கு எதுவும் உயர்ந்ததில்லை.

12. குரோமைப் புதிய பதிப்புக்கு மாற்றிவிட்டோம். ஒருவருக்கு மட்டும் பழையதே வருகிறது. இமேஜ் கெட்டுப்போய்விட்டதா?

இமேஜ் நன்றாக இருக்கிறது. அந்த ஒருவரிடம் பயனர் அடுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். எப்போதோ குரோம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருக்கும். அந்தக் கோப்புகள் அவருடைய அடுக்கில் எழுதப்பட்டன. அன்று அவைதான் புதியவை. பிறகு நீங்கள் இமேஜில் அதைவிடப் புதியதைப் போட்டாலும், கேள்வி 5இன்படி பயனர் அடுக்கு உச்சியில் இருப்பதால் பழையதே ஜெயிக்கும். சில நேரம் இரண்டு பதிப்புகளின் கோப்புகள் பாதி பாதியாகக் கலந்து குரோம் திறக்கவே மறுக்கும்.

அந்த மென்பொருளுக்குரிய கோப்புகளைப் பயனர் அடுக்கிலிருந்து மட்டும் நீக்குவது உடனடி வைத்தியம். முழு அடுக்கையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தருவது சுலபம்தான், ஆனால் அவர் சேர்த்துவைத்த எல்லாமும் போகும். கேட்காமல் செய்யாதீர்கள். நிரந்தர வைத்தியம், பேக்கேஜிங்கின்போதே தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்துவது. குரோமில் அதற்கு இரண்டு சேவைகளும் டாஸ்க் ஷெட்யூலரில் சில பணிகளும் இருக்கும். ஒன்றை மட்டும் நிறுத்தினால் மற்றொன்று வேலையைக் காட்டும்.

13. மாதாமாதம் விண்டோஸ் பேட்ச் போட்டால் ஆப் அடுக்குகளையெல்லாம் திரும்பச் செய்ய வேண்டுமா?

வேண்டாம். ஓ.எஸ். அடுக்குக்கு ஒரு புதிய பதிப்பு சேர்த்து, அதில் பேட்ச் போட்டு, இமேஜில் எந்த அடுக்குகள் சேரும் என்று குறிக்கும் இமேஜ் டெம்ப்ளேட்களில் அந்தப் பதிப்பைத் தேர்ந்தெடுத்து மறுபடி வெளியிட்டால் முடிந்தது.

ஒரு எச்சரிக்கை மட்டும். ஆப் அடுக்கு செய்துகொண்டிருக்கும்போது பேக்கேஜிங் கணினியில் விண்டோஸ் அப்டேட் ஓடிவிடக் கூடாது. ஓடினால் விண்டோஸின் சொந்தக் கோப்புகள் ஆப் அடுக்குக்குள் மாட்டிக்கொள்ளும். மூன்று மாதம் கழித்து ஓ.எஸ். அடுக்கில் வரும் புதிய கோப்புகளை இவை மேலிருந்து மறைக்கக்கூடும். பேட்ச் போட்டாயிற்று என்று அறிக்கை சொல்லும், பாதுகாப்புப் பிரிவின் ஸ்கேன் போடவில்லை என்று சொல்லும். யார் பொய் சொல்கிறார்கள் என்று ஒரு வாரம் ஓடும். ஓ.எஸ். அடுக்கிலேயே கொள்கை அமைப்பு மூலம் விண்டோஸ் அப்டேட்டை நிறுத்திவையுங்கள்.

14. பேட்ச் சொதப்பினால் பழைய நிலைக்குப் போகலாமா?

போகலாம். அடுக்கின் முந்தைய பதிப்பைத் தேர்ந்தெடுத்து வெளியிடுங்கள். அதைவிட வேகமான வழி, புரொவிஷனிங்கில் முந்தைய இமேஜையே திரும்பக் காட்டுவது. டெஸ்க்டாப்கள் அடுத்த மறுதொடக்கத்தில் பழையதை எடுத்துக்கொள்ளும். அதனால் பழைய இமேஜை உடனே அழிக்காதீர்கள்.

பயனர் அடுக்கும் புரொஃபைலும் உங்களோடு பின்னோக்கி வருவதில்லை. புதிய பதிப்பு மென்பொருள் தன் தரவுக் கோப்பைப் புதிய வடிவத்துக்கு மாற்றி எழுதியிருந்தால், பழைய பதிப்பு அதைத் திறக்காது. தரவு வடிவத்தை மாற்றும் புதுப்பித்தல்களுக்கு முன் பயனர் பக்கத்தையும் காப்பு எடுக்க வேண்டும்.

15. ஆன்டிவைரஸை எங்கே வைப்பது?

இமேஜில் சேரும் ஆப் அடுக்கில், எலாஸ்டிக் இல்லாமல். நிறுவியதும் ஏஜென்ட் தனக்கென ஓர் அடையாள எண் எழுதிக்கொள்ளும். அதை நீக்கிவிட்டு அடுக்கை மூட வேண்டும். நீக்காவிட்டால் ஐந்நூறு டெஸ்க்டாப்கள் நிர்வாகத் திரையில் ஒரே கணினியாகத் தெரியும். எப்படி நீக்குவது என்று மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடும். அவர்களின் வி.டி.ஐ. கையேட்டைப் பார்க்காமல் தொடங்காதீர்கள். அடுக்குகளும் கன்டெய்னர்களும் இருக்கும் கோப்பு சர்வரில் வி.எச்.டி., வி.எச்.டி.எக்ஸ். (மெய்நிகர் டிஸ்க்) கோப்புகளை ஸ்கேனிலிருந்து விலக்க மறக்கக் கூடாது.

16. ஸ்டோரேஜ் எவ்வளவு வாங்க வேண்டும்?

இமேஜுக்கும் ஆப் அடுக்குகளுக்கும் ஆகும் இடம் சிறிது. இடத்தை விழுங்குவது பயனர் பக்கம். பயனர் அடுக்கின் இயல்பு அளவு 10 ஜி.பி. எஃப்.எஸ்.லாஜிக்ஸ் கன்டெய்னரின் இயல்பு உச்சவரம்பு ஏறக்குறைய 30 ஜி.பி. ஐந்நூறு பேருக்கு முழுதும் நிரம்பினால் முதலாவது 5 டி.பி., இரண்டாவது 15 டி.பி. தேவைக்கேற்ப வளரும் டிஸ்க்குகள் என்பதால் முதல் நாளே அவ்வளவும் வேண்டியதில்லை. வளர்ந்தது தானாகச் சுருங்குவதும் இல்லை. உள்ளே கோப்பை அழித்தாலும் வெளியே கோப்பின் அளவு அப்படியே நிற்கும். எஃப்.எஸ்.லாஜிக்ஸின் 2210 பதிப்பிலிருந்து, வெளியேறும்போது சுருக்கும் வசதி வந்தது.

கொள்ளளவைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். வேகத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் உள்நுழையும்போது அந்தப் பகிர்வுக் கோப்புறையின் மேல் விழும் சுமைக்கு ஏற்ற வட்டுகள் வேண்டும். பழைய சுழல் வட்டுகளில் இதை நடத்த நினைப்பது வீண்.

17. இமேஜ் புதிதாக வெளியிட்டதும் ஆஃபீஸும் விண்டோஸும் ஆக்டிவேட் ஆகவில்லை என்கின்றன. உரிமம் தீர்ந்துவிட்டதா?

கே.எம்.எஸ்., அதாவது அலுவலகத்தின் சொந்த சர்வர் மூலம் ஆக்டிவேட் செய்யும் முறையில் உள்ளவர்களுக்கு வரும் கேள்வி. கே.எம்.எஸ். சர்வர் குறைந்தது 25 விண்டோஸ் டெஸ்க்டாப்களும், ஆஃபீஸுக்கு 5 கணினிகளும் கேட்ட பிறகே ஆக்டிவேட் செய்யத் தொடங்கும். அடுக்கை மூடும் முன் ரீஆர்ம் (ஆக்டிவேஷன் அடையாளத்தை மீட்டமைத்தல்) செய்யாவிட்டால் எல்லா நகல்களும் ஒரே அடையாளத்தோடு போய்க் கேட்கும். நூறு டெஸ்க்டாப் இருந்தாலும் சர்வர் ஒன்று என்றே எண்ணும். சர்வரில் எண்ணிக்கை ஏறாமல் நிற்கிறதா என்று பாருங்கள். விண்டோஸுக்கும் ஆஃபீஸுக்கும் தனித்தனியே ரீஆர்ம் வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் 365 செயலிகள் என்றால் கதை வேறு. பகிர்வுக் கணினி ஆக்டிவேஷனை இயக்கி, அதன் டோக்கன் (உரிமச் சான்று) புரொஃபைலோடு பயணிக்க விட வேண்டும்.

18. தமிழ்த் தட்டச்சு ஒவ்வொரு நாளும் போய்விடுகிறது. எந்த அடுக்கில் போட வேண்டும்?

விண்டோஸின் தமிழ் மொழிக் கூறுகள் ஓ.எஸ். அடுக்கில். தனியாக நிறுவும் தட்டச்சுக் கருவியும் கூடுதல் எழுத்துருக்களும் இமேஜில் சேரும் ஓர் ஆப் அடுக்கில். தமிழ் 99 வேண்டுமா, ஒலிபெயர்ப்பு முறை வேண்டுமா என்ற தேர்வு புரொஃபைலில் இருக்கிறது. நாளுக்கு நாள் போவது பெரும்பாலும் அந்தத் தேர்வுதான். அப்படியானால் அடுக்கைத் தோண்டாமல் புரொஃபைல் சரியாக இணைகிறதா என்று பாருங்கள்.

19. லேயர் மேனேஜர் படுத்துவிட்டால் எண்ணூறு பேரும் வேலையை நிறுத்த வேண்டுமா?

நிறுத்த வேண்டாம். லேயர் மேனேஜர் அடுக்குகளைச் செய்து, சேர்த்து, வெளியிடும் பட்டறை. வெளியிட்ட இமேஜ் அதைச் சாராமல் ஓடும். எலாஸ்டிக் அடுக்குகள் யாருக்கு எது என்ற விவரமும் பகிர்வுக் கோப்புறையில் ஒரு ஜேசன் (உரை வடிவ) கோப்பாக எழுதப்பட்டிருக்கும். டெஸ்க்டாப் அதைப் படித்துக்கொள்கிறது. மேனேஜர் இல்லாத நேரத்தில் புதிய அடுக்கு செய்ய முடியாது, அவ்வளவுதான்.

நீங்கள் பயப்பட வேண்டியது அந்தப் பகிர்வுக் கோப்புறைக்கு. அது எட்டாமல் போனால் எலாஸ்டிக் அடுக்கு, பயனர் அடுக்கு, புரொஃபைல் மூன்றும் ஒரே நொடியில் போகும். லேயர் மேனேஜருக்கு மாற்று ஏற்பாடு கேட்டு ஆலோசனைக் கூட்டம் நடத்திவிட்டு, கோப்பு சர்வரைத் தனியாளாக நிற்கவிடும் வடிவமைப்புகளைப் பார்த்திருக்கிறேன். முன்னுரிமை தலைகீழ். மேனேஜரின் டிஸ்க்கைக் காப்பு எடுங்கள், கோப்பு சர்வரை இரட்டையாக்குங்கள்.

20. டெஸ்க்டாப் தொங்கியதால் வேறொன்றில் நுழைந்தேன். என் கோப்புகள் ஒன்றுமே இல்லை!

தொலையவில்லை. உங்கள் டிஸ்க்கை ஒரு நேரத்தில் ஒரு கணினிதான் எழுதும் உரிமையோடு திறக்க முடியும். தொங்கிய டெஸ்க்டாப் அதை இன்னும் பிடித்திருக்கிறது. அதனால் இரண்டாவது டெஸ்க்டாப் வெற்று நிலையில் உங்களை உள்ளே விட்டது. அங்கே எதையும் சேமிக்காதீர்கள், வெளியேறியதும் அழிந்துவிடும்.

ஹெல்ப் டெஸ்க் செய்ய வேண்டியது: பழைய டெஸ்க்டாப்பை அணைத்து, கோப்பு சர்வரின் திறந்த கோப்புகள் பட்டியலில் அந்தப் பயனரின் டிஸ்க் இன்னும் திறந்திருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மூடுவது. எஃப்.எஸ்.லாஜிக்ஸில், தற்காலிகப் புரொஃபைலோடு யாரையும் உள்ளே விடாதே என்று அமைக்கலாம். பயனர் கோபப்படுவார். அரைநாள் வேலையை இழந்த பிறகு வரும் கோபத்தைவிட அது சிறியது.

21. விண்டோஸ் 11க்குப் போகும்போது ஓ.எஸ். அடுக்கை மட்டும் மாற்றினால் போதுமா?

விளம்பரத் தாளில் அப்படித்தான் தோன்றும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததால் இந்தக் கேள்வி அதிகம் வருகிறது. ஆப் அடுக்கு தான் பிறந்த ஓ.எஸ். அடுக்கோடு கட்டுண்டது. வேறு ஓ.எஸ். அடுக்கோடும் பயன்படுத்த அனுமதிக்கும் வசதி இருக்கிறது, எளிய மென்பொருள்களுக்கு அது ஒத்துவரும். டிரைவர், சேவை, ஷெல் நீட்டிப்பு (வலது-கிளிக் பட்டியல் போன்றவற்றில் சேரும் நிரல்) உள்ளவற்றுக்கு நான் அதை நம்புவதில்லை.

புதிய ஓ.எஸ். அடுக்கைச் சுத்தமாக ஆரம்பித்து, ஆப் அடுக்குகளைப் புதிதாகச் செய்வதையே பரிந்துரைக்கிறேன். யாரும் பயன்படுத்தாத பழைய அடுக்குகளைக் கழிப்பதற்கும் கிடைக்கிற ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

22. நாளை இந்த முறையையே விட்டுவிட வேண்டுமென்றால் என்ன ஆகும்? மாட்டிக்கொண்டோமா?

அடுக்குக் கோப்பைத் திறந்து நிறுவல் மூட்டையாக மாற்றும் வழி கிடையாது. வேறு கருவிக்குப் போனாலும், ஒற்றை இமேஜுக்குத் திரும்பினாலும், மென்பொருள்களை மறுபடி நிறுவித்தான் ஆக வேண்டும். அப்போது அது ஒரு மாத வேலையா, ஓராண்டு வேலையா என்பதை முடிவு செய்வது நீங்கள் வைத்திருக்கும் குறிப்புகள். ஒவ்வொரு ஆப் அடுக்குக்கும் ஒரு பக்கம் எழுதிவையுங்கள்: நிறுவல் கோப்பு எங்கே இருக்கிறது, எந்தக் கட்டளையோடு ஓட்டியது, எந்த முன்தேவை, எந்தச் சேவைகளை நிறுத்தியது, எந்த ரெஜிஸ்ட்ரி மதிப்பைக் கையால் மாற்றியது, உரிமச் சாவி யாரிடம், சோதித்தவர் எந்தப் பிரிவு. கையால் செய்வதை ஸ்கிரிப்ட் ஆக்க முடிந்தால் இன்னும் நல்லது. அதே ஸ்கிரிப்ட் இன்று பேக்கேஜிங் கணினியில் ஓடும், நாளை வெறும் விண்டோஸிலும் ஓடும். கேள்வி 21இல் சொன்ன மறுஉருவாக்கத்துக்கும் தேவைப்படுவது இதே பக்கங்கள்தான்.